இரண்டாம் நோட்டுக்கு ஒரு வாழ்த்துமடல்

போர்த் தந்திரம் என்றதும் நமக்கு எதிரியை ஏமாற்றுவதுதான் நினைவுக்கு வரும். மாறுவேடத்தில் கோட்டைக்குள் நுழைவது, இல்லாத படையை இருப்பதாகக் காட்டுவது, புறமுதுகு காட்டி ஓடுவதுபோல் ஓடித் திரும்பித் தாக்குவது. எல்லாம் பாமரர் செய்கிற வேலை. அடி வாங்கும் எதிரிக்குத் தெரியும், அடி விழும் நாட்டுக்குத் தெரியும், ஆனால் குண்டுக்குக் காசு கொடுக்கும் தன் சொந்த நாடாளுமன்றத்துக்கு மட்டும் தெரியாது என்ற நிலையில் 14 மாதங்கள் ஒரு போரை நடத்துவதற்குத் தனிப்பிறவி வேண்டும். 1969 மார்ச் 18 முதல் 1970 மே 26 வரை அமெரிக்கா கம்போடியாவில் அதை நடத்திக் காட்டியது. அந்தத் திறமைக்கு முறையாக ஒரு பாராட்டு விழா எடுக்கவில்லையே என்ற குறை எனக்கு உண்டு. அதைத் தீர்த்துக்கொள்ளவே இந்த மடல்.

முதல் மாலை இடத்தேர்வுக்கு. வியட்நாம் போரில் கம்போடியா நடுநிலை நாடு. அதன் கிழக்கு எல்லைக் காடுகளில் வட வியட்நாம் படைகள் முகாமிட்டிருந்தன என்பது உண்மை. தென் வியட்நாமில் அமெரிக்கப் படைக்குத் தலைமை வகித்த ஜெனரல் கிரெய்ட்டன் ஏப்ரம்ஸ், எதிரியின் தலைமையகமே அங்கே இருக்கிறது, பி-52 விமானங்களை அனுப்பினால் முடித்துவிடலாம் என்று 1969 பிப்ரவரி 9 அன்று செய்தி அனுப்பினார். ரிச்சர்ட் நிக்சன் அதிபராகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. அடுத்த இரு வாரங்களில் அவர் ஐரோப்பியப் பயணம் போனார். பிரசல்ஸ் விமான நிலையத்தில் நின்ற அதிபரின் விமானத்துக்குள் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸிங்கரும் அவருடைய உதவியாளர் அலெக்சாண்டர் ஹேக்கும் நிக்சனின் தலைமை அலுவலர் ஹால்டிமனும், வாஷிங்டனிலிருந்து வரவழைக்கப்பட்ட விமானப்படைக் கர்னல் ரே சிட்டனும் உட்கார்ந்து திட்டத்தைப் பேசினார்கள். போரை அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸ் என்னும் நாடாளுமன்றத்துக்கே உரியது என்று அமெரிக்க அரசியல் சட்டம் சொல்கிறது. 535 பேர் உட்கார அந்த விமானத்தில் இருக்கை ஏது? சிக்கனம் கருதி அவர்களை அழைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

பெயர் சூட்டியவர்களின் ரசனைக்கு அடுத்த மாலை. முதல் தாக்குதலுக்கு ‘பிரேக்ஃபாஸ்ட்’ என்று பெயர். காலைப் பலகாரம் நன்றாக இறங்கிவிட்டதால் லஞ்ச், ஸ்நாக், டின்னர், சப்பர், டெஸர்ட் என்று வரிசையாகத் தொடர்ந்தார்கள். மொத்தப் பந்திக்கும் ‘மெனு’ என்று பெயர். பரிமாறியது 3,800 தடவைக்கு மேல். இலையில் விழுந்தது 1,08,823 டன் வெடிகுண்டு. பிரேக்ஃபாஸ்ட் வைக்கப்பட்ட இடத்துக்கு ராணுவ வரைபடத்தில் ‘353-ஆம் தளப்பகுதி’ என்று பெயர். சுமார் 25 சதுர கிலோமீட்டர். அங்கே 1,640 கம்போடியர்கள் குடியிருந்தார்கள் என்று கணக்கெடுத்ததும் அமெரிக்கக் கூட்டுப்படைத் தலைமையகமேதான். தலைகளை எண்ணிப் பார்த்த பிறகுதான் இலை போட்டார்கள். விருந்தாளிகளைக் கணக்கெடுக்காமல் உலை வைக்கும் அலட்சியம் அவர்களிடம் இல்லை.

இனி விழா நாயகனுக்கு வருகிறேன். கர்னல் சிட்டனுக்குப் போடும் பொன்னாடை கொஞ்சம் அகலமாகவே இருக்கட்டும். வரிக்காரருக்குக் காட்ட ஒரு நோட்டு, கல்லாவுக்கு அடியில் ஒரு நோட்டு என்று வைத்திருக்கும் கடைக்காரரை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பாவம், அவர் அதை மறைவாகச் செய்கிறார், மாட்டிக்கொண்டால் அபராதம் கட்டுகிறார். அந்தக் குடிசைத் தொழிலை ஒரு வல்லரசின் நிர்வாக முறையாக உயர்த்தியவர் சிட்டன். ஒவ்வொரு தாக்குதலுக்கும் இரண்டு பதிவுகள். முதல் நோட்டில், தென் வியட்நாமில் எல்லையோரமாக ஓர் இலக்கு. அதற்கு முறைப்படி விண்ணப்பம், முறைப்படி ஒப்புதல், தாக்குதல் முடிந்ததும் முறைப்படி அறிக்கை. இரண்டாம் நோட்டில் கம்போடிய இலக்கு; அது தனிவழியில், விரல்விட்டு எண்ணக்கூடியவர்களின் கைக்கு மட்டும். எரிபொருள் எவ்வளவு, குண்டு எத்தனை, உதிரிபாகம் என்ன என்ற கணக்கெல்லாம் முதல் நோட்டில் இம்மி பிசகாமல் ஏறும். பறந்தது உண்மை, குண்டு போட்டது உண்மை, செலவும் உண்மை. விழுந்த நாடு மட்டும் வேறு. ஒரே ஒரு கட்டத்தில் பொய் எழுதி மற்ற கட்டங்கள் அனைத்தையும் உண்மையாக வைத்திருப்பது சாதாரணக் கணக்குப் பிள்ளைக்கு வராத கலை.

இந்தக் கலை அரங்கேறிய மேடைகளில் ஒன்று சைகானுக்கு அருகே உள்ள பியென் ஹோவா. அங்கிருந்த ரேடார் நிலையத்தின் பொறுப்பாளர் மேஜர் ஹால் நைட். பி-52 விமானத்தில் இருப்பவர்கள் கீழே பார்த்துக் குண்டு போடுவதில்லை. தரையில் உள்ள ரேடார்க்காரர்கள் வழிசொல்லி, எப்போது போட வேண்டும் என்றும் சொல்வார்கள். தாக்குதல் நாள் பிற்பகலில் சைகானிலிருந்து ஒரு தூதர் விமானம் வரும். ஓர் உறை கைமாறும். நைட் புதிய இலக்குக்கான எண்களைக் கணக்கிட வைத்து, விமானங்களை எல்லைக்கு அப்பால் திருப்பிவிடுவார். விமானியிடமும் வழிகாட்டியிடமும், தரையிலிருந்து வரும் சொல்லைக் கேட்டு நடக்கும்படி மட்டும் முன்னமே சொல்லியிருக்கும். அதே விமானத்தில் இருக்கும் மற்றவர்கள் தாங்கள் வியட்நாமின்மேல் பறப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கலாம். வேலை முடிந்ததும் நைட் உண்மையான காகிதங்களைத் திரட்டிப் பூட்டிவைத்து, விடிந்ததும் எரிப்பார். சைகானில் ஒரு எண்ணுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, பந்தாட்டம் முடிந்தது என்பார். பிறகு உட்கார்ந்து, வியட்நாமில் குண்டு போட்டதாகப் பொய் அறிக்கை எழுதுவார்.

இதெல்லாம் யாரிடமிருந்து மறைக்க என்ற கேள்விக்கு வருவோம். காட்டில் குண்டு வாங்கிய வட வியட்நாம் வீரனிடமிருந்தா? தலைக்கு மேலே வெடித்ததை அவனிடமிருந்து மறைக்கப் புதிய விஞ்ஞானம் வேண்டும். ஹனோய் அரசு கூச்சல் போடவில்லை; கம்போடியாவில் தனக்குப் படையே இல்லை என்று அது சொல்லிவந்தது, இல்லாத படைமேல் குண்டு விழுந்ததாக எப்படிப் புகார் கொடுப்பது? இரண்டு பெரிய யானைகளுக்கு நடுவே நாட்டை ஓட்டிக்கொண்டிருந்த கம்போடியத் தலைவர் சிஹானுக்கும் பெரிதாகச் சத்தம் எழுப்பவில்லை. கிராமத்துக் குடியானவனுக்கு, வீடு இருந்த இடத்தில் பள்ளம் இருந்ததால், விஷயம் எழுதப் படிக்கத் தெரியாமலே புரிந்துவிட்டது. இதே சந்தேகம் மேஜர் நைட்டுக்கும் வந்து, மேலதிகாரியிடம் கேட்டிருக்கிறார். செனட்டின் வெளியுறவுக் குழுவிடமிருந்து மறைக்கத்தான் என்ற ரீதியில் பதில் வந்ததாகப் பின்னால் அவரே சாட்சி சொன்னார். இந்த நேர்மைக்கு ஒரு தனிப் பரிசு தர வேண்டும். எதிரி யார் என்பதில் அந்த அமைப்புக்குத் துளியும் குழப்பம் இருக்கவில்லை.

ரகசியம் காக்கும் ஒழுக்கத்தில் அவர்கள் பாரபட்சமும் காட்டவில்லை. ராபர்ட் சீமன்ஸ் என்பவர் அப்போது விமானப்படைத் துறைக்கே செயலர். யாருடைய விமானங்கள் பறந்தனவோ அவருக்கே சொல்லவில்லை. வீட்டு எஜமானருக்கே தெரியாமல் வீட்டுச் சாவி புழங்கும் அளவுக்குக் கட்டுக்கோப்பு.

அதே சமயம் நாடாளுமன்றத்தை அடியோடு மதிக்கவில்லை என்று பழி சொன்னால் நாக்கு அழுகிவிடும். ரிச்சர்ட் ரஸ்ஸல், ஜான் ஸ்டென்னிஸ் என்ற செனட்டர்கள், பிரதிநிதிகள் சபையில் மெண்டல் ரிவர்ஸ், ஜெரால்டு ஃபோர்டு போன்ற சிலர் காதில் போட்டுவைத்தார்கள். எல்லோரும் போருக்கு ஆதரவாளர்கள், கேள்வி கேட்டுச் சங்கடப்படுத்தாத பெரிய மனிதர்கள். யார் கேட்க மாட்டார்களோ அவர்களிடம் மட்டும் சொல்வது என்ற இந்த முறையைக் கலந்தாலோசனை என்று அழைக்கலாம். ஸ்டென்னிஸ் பிற்பாடு 1971-இல் செனட்டில் பேசும்போது, உளவு அமைப்பு என்று ஒன்று வைத்துக்கொண்டால் அதைக் காப்பாற்ற வேண்டும், கண்ணைக் கொஞ்சம் மூடிக்கொண்டு வருவதை ஏற்க வேண்டும் என்ற தத்துவத்தைச் சொன்னார். அவர் செனட்டின் ஆயுதப்படைக் குழுவுக்குத் தலைவர். கண்காணிப்பதே அந்தக் குழுவின் வேலை. காவல்காரரே கண்ணை மூடச் சொல்லும் ஊரில் திருட்டு நடந்ததாக யாரும் புகார் எழுத முடியாது. குற்றங்களைக் குறைக்க இதைவிடச் செலவில்லாத வழி உண்டா?

1969 மே 9 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் வில்லியம் பீச்சர் என்ற நிருபர் கம்போடியக் குண்டுவீச்சைப் பற்றி எழுதிவிட்டார். பண்பில்லாத செயல். ஆனால் அரசு பதறி எதையும் மறுத்துக் கொண்டிருக்கவில்லை; யார் சொன்னது என்று கண்டுபிடிக்கும் உருப்படியான வேலையில் இறங்கியது. அன்றே தொலைபேசி ஒட்டுக்கேட்பு தொடங்கி, அதிகாரிகளும் நிருபர்களுமாக 17 பேர்வரை நீண்டது. கிஸிங்கரின் கீழ் வேலை பார்த்த மார்ட்டன் ஹால்பரின் வீட்டுத் தொலைபேசியை 21 மாதங்கள் காது வைத்துக் கேட்டார்கள். இடையில் அவர் அரசு வேலையையே விட்டுப் போய்விட்டார். ஆனாலும் கேட்பதை விடவில்லை. எல்லைக்கு அப்பால் தொடங்கிய ஒரு ரகசியம் எவ்வளவு விரைவாக வாஷிங்டன் வீட்டுக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தது பாருங்கள். வெளியூரில் செய்கிற காரியத்தை வீட்டிலும் செய்யும் சமத்துவம் இது. ஆனானப்பட்ட செய்தி வெளிவந்தும் காங்கிரஸ் பெரிதாக விசாரணை ஏதும் வைக்கவில்லை. செய்தித்தாளில் வந்ததையெல்லாம் நம்பும் சபலம் அதற்கு இல்லை.

நிக்சனின் நாவன்மைக்கு வருகிறேன். 1970 ஏப்ரல் 30 அன்று, கம்போடியாவுக்குள் தரைப்படையை அனுப்புவதை அறிவிக்கத் தொலைக்காட்சியில் தோன்றினார். ஒரு நடுநிலை நாட்டின் எல்லையை மீறக்கூடாது என்பதற்காக ஐந்து ஆண்டுகளாக இந்த எதிரி முகாம்களை நாம் தொடவே இல்லை என்று நாட்டு மக்களுக்குச் சொன்னார். பேசிக்கொண்டிருந்த நாளில் மெனு பதினான்காவது மாதத்தில் இருந்தது. அதற்கும் முன்னால், 1967 முதலே சிறு சிறு ரகசியப் படைக்குழுக்கள் எல்லை தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தன. கண் இமைக்காமல் அந்த வாக்கியத்தைச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். நான்கு நாள் கழித்து ஒஹையோ மாநிலத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் இந்தப் படையெடுப்பை எதிர்த்த கிளர்ச்சியின்மேல் தேசியக் காவல்படை சுட்டு 4 மாணவர்கள் செத்தார்கள். தெரிந்த போருக்கே இத்தனை அமர்க்களம் என்றால் தெரியாத போரையும் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மறைத்தவர்களின் தொலைநோக்கு அப்போதுதான் புரிகிறது.

எல்லை தாண்டிப் போன அந்தப் படைக்குழுக்களில் செத்தவர்களும் உண்டு. லாவோஸிலும் கம்போடியாவிலும் உயிர்விட்ட பலரின் வீடுகளுக்கு, மகன் தென் வியட்நாமில் இறந்தான் என்றே தகவல் போனது. பெற்றவளுக்குப் பிள்ளை போன துக்கமே போதாதா, எந்த மண்ணில் போனான் என்ற விவரத்தையும் சுமத்த வேண்டுமா என்று யோசித்திருப்பார்கள். இரண்டு நோட்டு முறை இப்படியாக ஈமச்சடங்கு வரைக்கும் விரிவடைந்தது.

காங்கிரசும் சும்மா இருக்கவில்லை. கூப்பர்-சர்ச் திருத்தம் என்று ஒன்றைப் போராடி நிறைவேற்றி, கம்போடியாவில் அமெரிக்கத் தரைப்படையோ ராணுவ ஆலோசகரோ இருக்கக்கூடாது என்று 1971 ஜனவரியில் சட்டமாக்கியது. தரை என்று தெளிவாக எழுதினார்கள். ஆகாயத்தை எழுதவில்லை. சட்டத்தை மதிக்கும் அரசு அல்லவா, ஆகாயத்தோடு நிறுத்திக்கொண்டது. அதற்கு ஒரு மாதம் முன்பே, 1970 டிசம்பர் 9 அன்று, பறக்கக்கூடியது எதுவானாலும் அசையக்கூடியது எதன்மேலும் போகட்டும் என்ற பொருள்படும் அதிபரின் கட்டளையை கிஸிங்கர் தொலைபேசியில் ஹேக்குக்குச் சொல்லியிருந்தார். குழப்பமில்லாத இலக்கணம். அசையாதவர்களுக்கு அதில் முழுப் பாதுகாப்பு இருந்தது. 1973 ஆகஸ்ட் வரை தொடர்ந்த இந்தக் குண்டுவீச்சில் கம்போடியாவின்மேல் விழுந்தது மொத்தம் சுமார் 5 லட்சம் டன்.

பலன் என்ன என்று கேட்கும் குறுகிய மனத்தினர் உண்டு. எதிரியின் தலைமையகம் கடைசிவரை கிடைக்கவில்லை. அது இடம் மாறிக்கொண்டே இருந்தது. தாக்குதலிலிருந்து தப்பிய படைகள் கம்போடியாவின் உட்பகுதிக்கு நகர்ந்தன. பின்னாலேயே குண்டும் நகர்ந்தது. முதல் குண்டு விழுந்து சரியாக ஓராண்டில், 1970 மார்ச் 18 அன்று, சிஹானுக்கைக் கவிழ்த்து லோன் நோல் ஆட்சிக்கு வந்தார். 1975 ஏப்ரல் 17 அன்று கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிப் படையான கெமர் ரூஜ், தலைநகர் நோம் பென்னைப் பிடித்தது. அடுத்து வந்த படுகொலைக்குக் குண்டுவீச்சு மட்டுமே காரணம் என்று எந்தப் பொறுப்பான வரலாற்றாசிரியரும் சொல்லமாட்டார். ஆனால் வீடு இழந்த குடியானவர்களிடம் போய் ஆள் சேர்ப்பது கெமர் ரூஜுக்கு எளிதாக இருந்தது என்பதைப் பலரும் பதிந்திருக்கிறார்கள். இப்படியெல்லாம் ஆகலாம் என்று முன்கூட்டி ஒரு குழுவில் யாராவது வாய்விட்டுக் கேட்டிருந்தால் காரியம் கெட்டிருக்கும். நல்லவேளை, கேட்கக்கூடியவர்களுக்குச் சொல்லவில்லை.

குறை சொல்வதானால் மேஜர் நைட்டைத்தான் சொல்ல வேண்டும். படையை விட்டு வந்தபின் அவர் வில்லியம் பிராக்ஸ்மயர் என்ற செனட்டருக்கு 1973 தொடக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். அந்த ஜூலையில் செனட்டின் ஆயுதப்படைக் குழுமுன் வந்து எரித்த காகிதங்களைப் பற்றிச் சாட்சி சொன்னார். அப்போதுதான் இன்னொரு அருமை வெளிப்பட்டது. கம்போடியாவில் எவ்வளவு குண்டு போட்டீர்கள் என்று அந்தக் குழு கேட்டதற்குப் பாதுகாப்புத் துறை ஏற்கெனவே ஓர் அறிக்கை தந்திருந்தது. 1970 மே மாதத்துக்கு முன்னால் பூஜ்யம் என்றது அது. அந்த அறிக்கையின்மேல் ‘ரகசியம்’ என்று முத்திரை வேறு. பொதுமக்களுக்குச் சொல்லும் பொய்யில் முத்திரை இருக்காது. நாடாளுமன்றக் குழுவுக்குச் சொல்லும் பொய்யை முத்திரை போட்டு, கையொப்பம் வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு பூஜ்யத்துக்கு இவ்வளவு மரியாதை கணித வரலாற்றில் வேறெங்கும் கிடைத்ததில்லை. ரகசியமாகச் சொன்னாலும் உண்மையைச் சொல்வார்கள் என்று நம்பியிருந்த செனட்டர்கள்தான் அப்பாவிகள்.

இதே மாதங்களில் நீதிமன்றமும் கொஞ்சம் தொந்தரவு செய்தது. புரூக்ளின் பகுதியிலிருந்து பிரதிநிதிகள் சபைக்குப் புதிதாக வந்திருந்த எலிசபெத் ஹோல்ட்ஸ்மன் சில விமானப்படை அதிகாரிகளோடு சேர்ந்து, காங்கிரஸ் அனுமதிக்காத போர் சட்டவிரோதம் என்று வழக்குப் போட்டார். 1973 ஜூலை 25 அன்று நீதிபதி ஆரின் ஜட் ஆமாம் என்று சொல்லிக் குண்டுவீச்சுக்குத் தடை விதித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்திவைத்தது. ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், முகம் தெரியாத கம்போடியக் குடியானவர்களின் உயிர் இதில் இருக்கிறது, மரண தண்டனை வழக்கைப்போலவே இதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தடையை மீண்டும் கொண்டுவந்தார். சில மணி நேரத்துக்குள் அவருடைய சகாக்கள் எட்டுப் பேரும் தொலைபேசியில் கலந்து பேசி அதை நீக்கிவிட்டார்கள். இந்திய வழக்குகளின் ஆமை நடையைப் பார்த்துப் பழகிய நாம் இந்த வேகத்தைக் கண்டு கைதட்டத்தான் வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 6 அன்று, மீகோங் கரையில் இருந்த நீக் லுவாங் என்ற ஊரில் ஒரு பி-52 தவறுதலாகக் குண்டுகளைக் கொட்டியது. ஊர் எதிரியுடையது அல்ல. அமெரிக்கா ஆதரித்த லோன் நோல் அரசின் படை இருந்த இடம். 137 பேர் இறந்தார்கள், 268 பேர் காயமடைந்தார்கள். டக்ளஸ் சொன்ன முகம் தெரியாதவர்களுக்கு இரண்டே நாளில் முகவரி கிடைத்தது. பொறுப்பான அதிகாரிக்கு 700 டாலர் அபராதம் விதித்தார்கள். தலைக்கு 5 டாலர் சொச்சம் வருகிறது. பொறுப்பேற்பு இல்லை என்று இனி யாரும் பேசக்கூடாது.

அப்பழுக்கற்ற இந்தச் சரித்திரத்தில் ஒரே ஒரு கறை உண்டு. மனம் நொந்துதான் எழுதுகிறேன். 1973 மே 10 அன்று பிரதிநிதிகள் சபை, கம்போடியக் குண்டுவீச்சுக்காக வேறு தலைப்பில் உள்ள பணத்தை மாற்றக்கூடாது என்று வாக்களித்தது. பிறகு இரு அவைகளும் பணத்தையே நிறுத்தும் விதி ஒன்றைச் சேர்த்து மசோதாவை அனுப்பின. ஜூன் 27 அன்று நிக்சன் அதை வீட்டோ செய்தார். அவைகள் அசரவில்லை, அரசு நடக்கத் தேவையான மற்ற மசோதாக்களிலும் அதே வரியைச் சொருகப் புறப்பட்டன. வேறு வழியின்றி, ஆகஸ்ட் 15-க்குப் பிறகு ஒரு டாலரும் கிடையாது என்ற சமரசத்துக்கு அதிபர் இறங்கி வந்தார். ஆகஸ்ட் 15 வந்தது. விமானங்கள் நின்றன. கிளர்ச்சிகள் நிறுத்தாததை, நாளிதழ்கள் நிறுத்தாததை, நீதிபதி நிறுத்த முடியாததை, ஒரு நிதி மசோதாவின் ஒரு வரி குறித்த தேதியில் நிறுத்தியது. இது எவ்வளவு ஆபத்தான முன்னுதாரணம் என்று விளக்கத் தேவையில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இரண்டாம் நோட்டு அவர்கள் கைக்குப் போயிருந்தால் இந்த வரியை அப்போதே எழுதித் தொலைத்திருப்பார்கள்.

நல்லவேளை, காங்கிரஸ் சீக்கிரமே தன் இயல்புக்குத் திரும்பியது. 1974 ஜூலை 30 அன்று, நிக்சனைப் பதவிநீக்கத்துக்காக விசாரித்த பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழுவில், கம்போடியக் குண்டுவீச்சை மறைத்து காங்கிரசுக்குப் பொய் சொன்னதையும் ஒரு குற்றமாகச் சேர்க்க ஜான் கானியர்ஸ் முன்மொழிந்தார். 26-க்கு 12 என்று தோற்றது. காங்கிரசில் சிலருக்கு முன்பே தெரிந்திருந்ததே, பணத்தையும் காங்கிரஸ்தானே கொடுத்தது என்ற வாதம் எடுபட்டது. காதில் போட்டுவைத்த அந்த நாலு பேரின் பயன் இப்போது விளங்கியிருக்கும். ஓர் அரசியல் கட்சி அலுவலகத்தில் நுழைந்த திருட்டை மூடிமறைத்தால் பதவி போகும். ஒரு நாட்டின்மேல் குண்டு போட்டதை மூடிமறைத்தால் போகாது. தராசின் நிதானம் மெச்சத்தக்கது. கிஸிங்கருக்கு நோபல் பரிசு 1973 அக்டோபரிலேயே, அமைதிக்காக, அறிவிக்கப்பட்டுவிட்டது. கூடவே பரிசு அறிவிக்கப்பட்ட வட வியட்நாமின் லே டக் தோ வாங்க மறுத்தார். சபை நாகரிகம் தெரியாதவர்.

1973 நவம்பர் 7 அன்று நிக்சனின் வீட்டோவையும் மீறிப் போர் அதிகாரச் சட்டம் வந்தது. படையைச் சண்டைக்கு அனுப்பினால் 48 மணி நேரத்துக்குள் காங்கிரசுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; அனுமதி இல்லையென்றால் 60 நாளில் நிறுத்த வேண்டும், திரும்பிவர மேலும் 30 நாள் உண்டு. அதன்பின் வந்த அதிபர்கள் நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்களைத் தவறாமல் அனுப்பினார்கள். 60 நாள் கடிகாரத்தை ஓடவைக்கும் உட்பிரிவைச் சொல்லி எழுதிய கடிதம் அவற்றில் ஒன்றே ஒன்று. 1975 மே மாதம், கெமர் ரூஜ் பிடித்த ‘மாயகஸ்’ என்ற அமெரிக்கக் கப்பலை மீட்கப் போனபோது ஜெரால்டு ஃபோர்டு எழுதியது. இடம் அதே கம்போடியா. கடிதம் போனபோது சண்டை முடிந்திருந்தது. முடிந்துபோன போருக்குக் கடிகாரம் கட்டியதால் ஒரு நொடிகூட வீணாகவில்லை. 2011-இல் லிபியாவில் குண்டுவீச்சு 60 நாளைத் தாண்டியபோது ஒபாமா அரசு இன்னும் நயமாகச் சொன்னது: நம் ஆட்கள் தரையில் இல்லை, எதிரி திருப்பிச் சுடும் ஆபத்தும் அதிகமில்லை, ஆகவே சட்டம் சொல்லும் ‘சண்டை’ இதுவல்ல. திருப்பி அடிக்க முடியாதவனை அடித்தால் அது சண்டையில் சேராது என்ற இந்த நியாயம் பள்ளிக்கூட மைதானங்களுக்கும் பொருந்தும்.

கடைசி மாலையை காங்கிரசுக்கே போட்டுவிடுகிறேன். 2017 அக்டோபர் 4 அன்று ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் டோங்கோ டோங்கோ என்ற கிராமத்தருகே பதுங்கியிருந்தவர்கள் தாக்கியதில் 4 அமெரிக்க வீரர்கள் கொல்லப்பட்டார்கள். நைஜரில் ஆயிரம் அமெரிக்க வீரர்கள் இருப்பதே தனக்குத் தெரியாது என்று செனட்டர் லிண்ட்சி கிரஹாம் தொலைக்காட்சியில் சொன்னார். அவர் அப்போது செனட்டின் ஆயுதப்படைக் குழு உறுப்பினர். மறைத்துவிட்டார்கள் என்று அவசரப்படக் கூடாது. நைஜரில் சுமார் 645 பேர் இருப்பதாக அதே ஆண்டு ஜூனில் அதிபர் காங்கிரசுக்கு அனுப்பிய கடிதத்தில் எழுதியிருந்தது. நிக்சன் காலத்தில் காகிதத்தை எரிக்க ஒரு மேஜர் தேவைப்பட்டார். இப்போது அந்தச் செலவும் மிச்சம். உறையில் போட்டு அனுப்பினாலே ரகசியம் பத்திரமாக இருக்கிறது.

ரகசியமே கூடாதா என்று கேட்கலாம். அப்படி யாரும் கேட்கவில்லை. நாளை எந்த ஊரில் குண்டு விழும் என்று தெருவில் தண்டோரா போடச் சொல்லவில்லை. 1975-இல் ஃபிராங்க் சர்ச் தலைமையில் செனட் குழு உளவு அமைப்புகளைத் துருவி ஆராய்ந்தது. அதைத் தொடர்ந்து 1976-இல் செனட்டிலும் 1977-இல் பிரதிநிதிகள் சபையிலும் நிரந்தர உளவுக் குழுக்கள் வந்தன. கதவைச் சாத்திக்கொண்டு கேட்பதற்கு அறை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது, சாவி இருக்கிறது. எதிரிக்குத் தெரியாமல் வைப்பதும் பணம் கொடுப்பவருக்குத் தெரியாமல் வைப்பதும் இரண்டு வேறு காரியம் என்று அந்த அறை சொல்கிறது. இந்த வேறுபாட்டை மறக்கடித்ததே மெனுவின் தலையாய சாதனை. எனவே அந்த வழி நடக்க விரும்பும் வருங்கால அதிபர்களுக்கு என் பணிவான யோசனை இது. மனசாட்சியுள்ள ரேடார் அதிகாரியை வேலைக்கு வைக்காதீர்கள். புதிதாக வந்த உறுப்பினர் கேள்வி கேட்டால் நாலு பெரியவர்களைக் காட்டி, அவர்களுக்குத் தெரியும் என்று சொல்லுங்கள். நிதி மசோதாவை ஆயிரம் பக்கத்துக்குக் குறையாமல் அச்சடித்து, வாக்கெடுப்புக்கு முந்தின இரவு கொடுங்கள். அந்த ஒற்றை வரியை எங்கே எழுதுவது என்று அவர்கள் தேடிக்கொண்டிருக்கும் வரை உங்கள் விமானங்களுக்கு எந்த எல்லையும் இல்லை.